மெக்காலே சொல்லாத சொல்

மெக்காலே பிரபு பேசியதாக ஒரு பேச்சு நம்மிடையே வெகு செல்வாக்குடன் உலவி வருகிறது. அதனைக் கேளாத மாணவர் இவ்வளாகத்தில் இருத்தல் அரிது. இந்தியாவின் நெடுக்கும் குறுக்கும் தாம் சுற்றி வந்ததாகவும், பிச்சைக்காரன் ஒருவனையோ திருடன் ஒருவனையோ எங்கும் காணவில்லை என்றும், இந்நாட்டை வெல்ல வேண்டுமாயின் இதன் பழங்கல்வியை முறிக்க வேண்டும் என்றும் அவர் 1835 பிப்ரவரி 2-ஆம் நாள் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் முழங்கினாராம். கைபேசிக்குக் கைபேசி அவர் படத்தோடு இது பறக்கிறது. பேச்சுப் போட்டியில் இதனைச் சொல்லி முடிக்கும்முன்னே கரவொலி எழுந்துவிடுகிறது.

அன்பர்களே, அவர் அப்படிப் பேசவே இல்லை. பேசியிருக்கவும் முடியாது.

பாராளுமன்றப் பதவியை விட்டு விலகி, கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினராக 1834-இலேயே அவர் இந்தியாவுக்கு வந்துவிட்டார். கல்கத்தாவில் இருந்தவர் அதே நாளில் இலண்டனில் எவ்வாறு முழங்குவார்? (‘பிரபு’ என்பதும் பின்னாளைய பட்டமே, அது அவருக்குக் கிடைத்தது 1857-இல்.)

நெடுக்கும் குறுக்கும் சுற்றினார் என்பதோ? அதற்கு மறுமொழி நம் மைசூரே சொல்லும். 1834 ஜூன் மாதம் சென்னையில் இறங்கிய மெக்காலே, உதகையில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைக் காணப் புறப்பட்டார். பெங்களூர், சீரங்கப்பட்டணம், மைசூர் என்பதே அவர் சென்ற வழி. இங்கே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரையும் கண்டார். மழைக்காலத்தை உதகையில் கழித்தபின் சென்னைக்குத் திரும்பிக் கப்பலேறிக் கல்கத்தா சேர்ந்தார். 1835 பிப்ரவரிக்குள் அவர் கண்ட இந்தியா ஏறக்குறைய அவ்வளவே. சென்னையிலிருந்து உதகை வரை சென்றதும் மனிதர் தோள்மேல், பல்லக்கில்! தம்மைச் சுமந்து மலையேறியவர்களைப் பார்த்துவிட்டு, ‘இந்நாட்டில் ஏழையே இல்லை’ என்று ஒருவர் சொல்லியிருந்தால்தான் என்ன, அதற்கு நாம் கைதட்டுவதா?

ஆயினும் அந்த நாள் மட்டும் மெய். 1835 பிப்ரவரி 2-ஆம் நாள் அவர் கல்கத்தாவில் ஒரு குறிப்பு எழுதினார். கல்விக்கென ஒதுக்கிய அரசாங்கப் பணம் எம்மொழிக் கல்விக்குச் செல்ல வேண்டும் என்பது பற்றியது அது. தமக்கு வடமொழியும் அரபும் தெரியா என்று அதில் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஓர் அலமாரித் தட்டு இந்தியா, அரேபியா ஆகியவற்றின் இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்கிறார். குருதியால் இந்தியராயும் சுவையால் ஆங்கிலேயராயும் உள்ள ஒரு வகுப்பாரை உண்டாக்க வேண்டும் என்பதும் அக்குறிப்பிலேயே இருக்கிறது. அடுத்த மாதமே பெண்டிங்கின் ஆணை பிறந்தது.

உண்மையான மெக்காலே நம்மைப் புகழவில்லை, இகழ்ந்தார். போலி மெக்காலேயோ, திட்டுவதுபோல் திட்டி நமக்கு ஒரு நற்சான்றிதழ் எழுதித் தருகிறார். பகைவன் வாயால் நம் புகழைக் கேட்க வேண்டும் என்னும் ஆசை நமக்கு எத்துணைப் பெரிது! இப்பேச்சு இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு அவ்வாசையே காரணம் என்பது என் துணிபு.

இகழ்ச்சிக்கு மறுமொழி தேவை, அது வந்தும்விட்டது. அவர் அக்குறிப்பை எழுதியபோது சங்க நூல்கள் ஏட்டுச் சுவடியில் உறங்கின. உ. வே. சாமிநாதையர் பிறக்கவே இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன. 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூறு வெளிவந்தது. 1905-இல், மெக்காலே பல்லக்கில் கடந்து சென்ற இதே மைசூரில், தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கிரந்த எழுத்திலான ஓலைச்சுவடி ஒன்றைக் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்தார். நூலகர் சாம சாஸ்திரி பிரித்துப் பார்த்தார்; அர்த்தசாஸ்திரம்! பெயரளவில் மட்டும் உலகம் அறிந்திருந்த நூல் 1909-இல் அச்சேறியது. அலமாரித் தட்டுக் கணக்கு எழுதியவருக்கு இவற்றைவிட வேறென்ன விடை வேண்டும்? (அந்தச் சாணக்கியர் பெயராலும் இன்று நாள்தோறும் பொன்மொழிகள் புறப்படுகின்றன. அவற்றை அனுப்புவோரில் எத்தனை பேர் அந்நூலைத் தொட்டிருப்பரோ!)

‘கருத்து நல்லதாயின் யார் சொன்னால் என்ன?’ என்று கேட்கும் நண்பர்கள் உளர். வள்ளுவரையும் துணைக்கு அழைப்பர். யார் வாயிலிருந்து வந்தாலும் மெய்யைத் தேடு என்றல்லவா அவர் சொன்னார்? தேடும் வேலையை விட்டுவிட அவர் எங்கே விடுமுறை அளித்தார்? மேலும், யார் சொன்னால் என்ன என்போர் தம் பெயரையே போட்டுக்கொள்ளலாமே! கலாம் பெயரும் விவேகானந்தர் பெயரும் எதற்கு? பெயருக்கு விலை உண்டு என்று அறிந்துதானே போடுகிறார்கள்?

நம் முன்னோர் இதில் கண்டிப்பானவர்கள். குறுந்தொகையில் ஒரு பாட்டுக்குப் புலவரின் இயற்பெயர் கிட்டவில்லை. கபிலர் என்றோ பரணர் என்றோ எழுதி வைத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர்கள் அதைச் செய்யவில்லை. அப்பாட்டில் வரும் உவமையையே எடுத்துச் செம்புலப் பெயனீரார் என்று பெயரிட்டார்கள். முகம் தெரியாத அந்தப் புலவர்க்கு உரியது அவர்க்கே போய்ச் சேர்ந்தது.

நம் சங்கச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பேச்சுப் போட்டியில், மேற்கோள் காட்டுவோர் நூலின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி வகுக்கலாம். சொல்ல இயலாதவர் அதைத் தம் கருத்தாகவே சொல்லிவிடட்டும். மெக்காலேயின் குறிப்பு அப்படியொன்றும் நீண்டதன்று. ஒரு மாலைப்பொழுது போதும். அதைப் படித்துவிட்டு மேடையேறி அவரைத் திட்டுவோர்க்குக் கூடுதல் மதிப்பெண் தருவதிலும் எனக்கு மறுப்பில்லை.