சூளைச் சொற்களும் அறிவியல் கலைச்சொல்லாக்கமும்: விருதுநகர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு கருத்துரை

விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றங்கரையிலுள்ள விஜயகரிசல்குளத்தில், வெம்பக்கோட்டை அகழாய்வு என அறியப்படும் பணியைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022-இல் தொடங்கியது. கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள் ஆகியவற்றோடு சுடுமண் உருவங்களும் அங்குக் கிடைத்தன. ‘சுடுமண்’ என்பது வினைத்தொகை. மண், தீ, மாற்றம் ஆகிய மூன்றையும் அச்சொல் ஒருங்கே உணர்த்துகிறது. இத்தகைய சொல்வளம் உடைய மொழியில், உயர்தொழில்நுட்பப் பீங்கான் பொருள்களின் அடிப்படைச் செய்முறை இன்றும் ‘சின்டரிங்’ என்ற ஒலிபெயர்ப்பாலோ நீண்ட விளக்கத் தொடராலோ சுட்டப்படுகிறது. அதற்கான சொல்லைச் சூளைத் தொழிலின் வழக்கிலிருந்து ஆக்குவதே பொருத்தம் என்பதும், அவ்வழக்கைத் திரட்டும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

நிகழ்வும் சொல்லும்

நுண்பொடியை அச்சிலிட்டு அழுத்தி உருவாக்கி, அவ்வுருவை உருகுநிலைக்குக் கீழான வெப்பத்தில் சுடுவதே இச்செய்முறை. அலுமினா ஏறத்தாழ 2,050 பாகை செல்சியசில் உருகும். ஆயினும் அது 1,600 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே இறுகிவிடுகிறது. அணுக்கள் இடம்பெயர்வதால் துகள்கள் தொடும் இடங்களில் இணைப்புகள் தோன்றி வளர்கின்றன; இடையிலுள்ள துளைகள் சுருங்குகின்றன. உரு, நீள அளவில் 15 முதல் 20 விழுக்காடு வரை குறுகுவதும் உண்டு. எனவே ‘உருக்கு’ என்னும் வினையடியை இதற்குக் கையாள்வது பிழையாகும். சில கலவைகளில் ஒரு பகுதி உருகித் துகள்களைப் பிணைப்பது உண்மையே. விருதுநகரை அடுத்த ராமசாமி ராஜா நகரிலும் ஆலங்குளத்திலும் அமைந்த சிமெண்டு ஆலைகள் போன்றவற்றில் 1,450 பாகையளவில் நிகழும் கிளிங்கர் உருவாக்கம் இவ்வகையைச் சார்ந்தது. அங்கும் பொருள் முழுமையும் உருகுவதில்லை.

சூளைத் தொழிலாளர் இதனை ‘உருகியது’ என்பதில்லை. ‘வெந்த கல்’, ‘வேகாத கல்’ என்றே செங்கல்லைத் தரம் பிரிப்பர். ‘வேதல்’ தன்வினை, ‘சுடுதல்’ மனிதர் செய்வது. இவ்வேறுபாட்டைப் பின்பற்றி, பொருள் தானே இறுகும் நிகழ்வை ‘வெந்திறுகல்’ என்றும், அதனை நிகழ்த்தும் செய்முறையைச் ‘சுட்டிறுக்கல்’ என்றும் வழங்கலாம். ‘சுட்டிறுகல்’ என்பது பொருந்தாது; சுடுபவர் ஒருவர், இறுகுவது வேறொன்று. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்ற மரபு இங்குக் கலைச்சொல்லின் துல்லியத்திற்கும் துணைநிற்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும் இரண்டு கருத்துகளைத் தமிழ் இரண்டு சொற்களால் பிரித்துக் காட்ட இயலும்.

சுடப்படாத உருவை ஆங்கிலம் பசுமை நிறத்தால் பெயரிடுகிறது. திருக்குறளின் 660-ஆம் குறளில் ‘பசுமட்கலம்’ என்னும் ஆட்சி உண்டு. செங்கற்சூளையில் ‘பச்சைக்கல்’ என்பது இன்றும் வழக்கு. ‘பசுவுரு’ என்று ஆக்கினால் ஆவின் உரு என்ற மயக்கம் நேரும். ஆகவே ‘பச்சையுரு’ ஏற்புடையது.

எதிர்க்கருத்துகள்

மட்பாண்டச் சூளையின் சொல் மின்னுலையின் நுட்பத்தைத் தாங்குமா என வினவலாம். செராமிக் என்ற சொல்லே குயவர் மண்ணைக் குறித்த கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. சின்டர் என்பது கசடு, சிட்டம் ஆகியவற்றைச் சுட்டிய ஜெர்மானியச் சொல். பிறமொழிகளும் பழந்தொழிலின் சொல்லையே புதிய நுட்பத்திற்கு விரித்துக்கொண்டன. உலக வழக்கிலிருந்து மாணவர் விலகிவிடுவர் என்பது மற்றோர் அச்சம். அலுமினா, சிர்கோனியா போன்ற பொருட்பெயர்களை ஒலிபெயர்த்துக் கொள்வதில் தடையில்லை. வடசொல்லைத் தமிழ் எழுத்தோடு புணர்த்தி ஏற்கும் நெறியைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது. ஆனால் செயலைக் குறிக்கும் சொல் விளங்காதபோது செயலும் விளங்குவதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியல், இயந்திரவியல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியதை நோக்க, இது வெறும் ஏட்டளவிலான சிக்கல் அன்று.

தொழில்வழக்கின் வரம்பு

தொழில்வழக்கு அனைத்தையும் ஆராயாமல் ஏற்பதும் தவறு. இதற்குச் சிவகாசி சான்று. 1920-களில் தீப்பெட்டித் தொழிலால் வளரத் தொடங்கிய அவ்வட்டாரமும் பொடியைக் கையாளும் வட்டாரமே. பொடி நுண்மையானால் பீங்கான் குறைந்த வெப்பத்தில் இறுகும். வெடிக்கலவை விரைந்து எரியும். அரைத்தல், சலித்தல், கலத்தல், அடைத்தல் ஆகிய வினைகள் இரு துறைக்கும் பொது. ஆயினும் பட்டாசுத் தொழிலில் வெடிக்கலவை எதுவாயினும் ‘மருந்து’ என்ற ஒரே சொல்லால் அழைக்கப்படுகிறது. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை உராய்வினாலேயே தீப்பற்றக் கூடியது. அது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அக்கலவையையும் பிற கலவைகளையும் வேறுபடுத்தாத சொல், அபாயத்தை மறைக்கும் சொல்லாகிறது. அங்குச் சொற்குறை ஓர் உயிரையே பறிக்கக்கூடும். எனவே திரட்டிய சொல் ஒவ்வொன்றும் பொருள் வரையறைக்கு உட்படுத்தப்பட வேண்டும்.

முடிவுரை

புறநானூற்றின் 228-ஆம் பாட்டில் கலம் செய்யும் வேட்கோவும் அவர்தம் சூளையும் இடம்பெறுகின்றன. அப்பாட்டுக்கு உரை காணும் தமிழ்த்துறைகள், இன்றைய சூளைகளின் சொற்களைக் களஆய்வில் பதிவுசெய்யக் காலம் தாழ்த்துதல் ஆகாது. மண்கலம் வனைவோர் குறைய, அச்சொற்களும் குறைகின்றன. விருதுநகர் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் இயற்பியல், வேதியியல் துறைகளோடு இணைந்து சூளை, சிமெண்டு, பட்டாசு ஆகிய மூன்று தொழில்களின் சொற்களைத் திரட்டி வரையறுத்தல் வேண்டும். அகராதி அறையில் மட்டும் பிறக்கும் கலைச்சொல் அகராதியிலேயே தங்கிவிடும். தொழிற்களத்தில் பிறந்து ஆய்வறிஞர் திருத்திய சொல்லே மாணவர் நாவிலும் தொழிலாளர் நாவிலும் ஒருசேர வழங்கும்.