ஒரு காருக்குள் மூன்று பேட்டரிகள்

சென்னையிலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணம் உப்பளங்களைக் கடக்கும் கார்களில் ஹைப்ரிட் வண்டிகள் பெருகிவருகின்றன. 2022-இல் டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஹைப்ரிட் ஆகியவை வந்தபிறகு நடுத்தரக் குடும்பங்களும் இவற்றை வாங்கத் தொடங்கின. கூடவே ஒரு பயமும் வந்துவிட்டது. காலையில் கதவு திறக்கவில்லை, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஓசையே இல்லை என்றால், “பெரிய பேட்டரி போச்சு, லட்சக்கணக்கில் செலவு” என்று உரிமையாளர் உறைந்துபோகிறார். பக்கத்தில் நிற்பவர்களும் அதையே சொல்கிறார்கள். இந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் அவசியமில்லை.

ஒரு ஹைப்ரிட் காரோடு மூன்று பேட்டரிகள் வருகின்றன. முதலாவது, மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி. 150 வோல்ட்டுக்கும் மேற்பட்டது, வண்டியின் பின்பகுதியில் இருப்பது. இரண்டாவது, எல்லாக் கார்களிலும் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. மூன்றாவது, சாவிக்குள் இருக்கும் பட்டன் செல்.

இரண்டாவதன் வேலையைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்த வண்டிகளில் பெரிய பேட்டரியின் மின்சாரமே எஞ்சினையும் சுழற்றிக் கிளப்புகிறது. 12 வோல்ட் பேட்டரி கதவுப் பூட்டையும் கணினிகளையும் எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே என்ற மின் சுவிட்சை மூடிக் கொடுக்கும். அது சோர்ந்துவிட்டால், பெரிய பேட்டரி நிறையச் சார்ஜோடு இருந்தும் பயனில்லை. வண்டி அதனிடம் போய்ச் சேரவே முடியாது. எஞ்சினைச் சுழற்றும் பாரம் இல்லாததால் இந்த 12 வோல்ட் பேட்டரியைச் சிறியதாகவே வைக்கிறார்கள். அதனால் சேமிப்பும் குறைவு. (‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ என்று விற்கப்படும் மைல்டு ஹைப்ரிட் வண்டிகளின் அமைப்பு வேறு.)

எது சோர்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாவிக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து பாருங்கள். உள்விளக்கு பளிச்சென்று எரிந்தால் பட்டன் செல்தான் தீர்ந்திருக்கும். விளக்கு மங்கினாலோ எரியாமலே போனாலோ, டாஷ்போர்டு மினுக்கி அணைந்தாலோ 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகியுங்கள். பெரிய பேட்டரியில் கோளாறு என்றால் வண்டி விழித்துக்கொண்டு, திரையில் எச்சரிக்கை காட்டும். ஒரேயடியாக ஊமையாகிக் கிடக்காது.

சும்மா நிற்கும் வண்டியில் சார்ஜ் எங்கே போகிறது? கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கவேண்டுமானால், சாவி அருகில் இருக்கிறதா என்று வண்டி விசாரித்துக்கொண்டே இருக்கவேண்டும். பல மாடல்களில் வண்டி ஒரு மெல்லிய ரேடியோ அலையை அனுப்பும். அது எட்டும் தூரத்தில் சாவி இருந்தால் பதில் அனுப்பும். போர்ட்டிகோவில் கார், சுவருக்கு அந்தப் பக்க ஆணியில் சாவி என்றால், இந்தக் கேள்வியும் பதிலும் இரவெல்லாம் நடக்கலாம். பட்டன் செல்லும் தேயும், 12 வோல்ட்டும் தேயும். சாவியை வண்டியிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி, டிவி, செல்போன் சார்ஜர் பக்கத்திலும் இல்லாமல் வையுங்கள். டொயோட்டா சாவிகள் பலவற்றில் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இருமுறை அழுத்தினால் சாவி உறக்க நிலைக்குப் போகும். மற்ற வண்டிகளுக்கு உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள்.

இதற்கு மேல் இந்தக் கரையில் உப்பின் வேலையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிட வறண்ட காற்றிலும் கசியும். உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர் எளிதில் காயாததற்கு அதுவே காரணம். அதே உப்பு பேட்டரி டெர்மினலிலும் எர்த் கம்பியின் போல்ட்டிலும் படிந்தால், இரவு முழுக்க ஈரமாகவே கிடந்து உலோகத்தை அரிக்கும். பேட்டரி நன்றாக இருந்தும், அரித்த இணைப்பு வழியே மின்சாரம் சரியாகப் போகாது. பேட்டரி வீணாக மாற்றப்படும். ஆகவே பேட்டரி மாற்றச் சொன்னால், டெர்மினலைச் சுத்தம் செய்து பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். சுத்தம் செய்து, காயவைத்து, வாசலின் தடவுவது மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. கதவுக் கைப்பிடியின் தொடு உணரியில் உப்புப் படலம் படிந்தால் அதுவும் சரியாக உணராமல் போகலாம். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வீட்டு போர் தண்ணீரே உப்புக் கரித்தால் அதில் வண்டி கழுவுவது உப்பை மேலும் பூசுவதுதான். கழுவும்போது சாவி பையில் இருக்கவேண்டாம். தண்ணீர் பட்டே கதவு பூட்டித் திறக்கக்கூடும்.

உப்பளத்தை வேடிக்கை பார்க்க வண்டியை ஓரம் கட்டுபவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் பாட்டு ஓடும். ஆனால் வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கு எரியாது. அப்போது செலவாவது 12 வோல்ட் மட்டுமே. ‘ரெடி’ நிலையில் இருந்தால்தான் பெரிய பேட்டரி அதற்குச் சார்ஜ் கொடுக்கும். வாரக்கணக்கில் ஓட்டாத வண்டியையும் அவ்வப்போது ஒரு மணி நேரம் ‘ரெடி’யில் வைக்கலாம். எஞ்சின் தானாகவே கிளம்பும் என்பதால் மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யக்கூடாது. புகை உயிரைப் பறிக்கும்.

பட்டன் செல் தீர்ந்துபோனாலும் பயணம் நிற்காது. பல டொயோட்டாக்களில் பிரேக்கை மிதித்து, சாவியை ஸ்டார்ட் பட்டனின் மீது தொட்டுப் பிடித்தால் வண்டி அதை அடையாளம் காணும். கழற்றிய பழைய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அது எரித்துவிடக்கூடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

பெரிய பேட்டரிக்கு நாம் செய்யவேண்டியது குறைவு. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமலும் அடியோடு தீராமலும் கணினி பார்த்துக்கொள்கிறது. அதற்கு ஆகாதது வெப்பம். பல மாடல்களில் அது பின் இருக்கையருகே உள்ள துவாரம் வழியாக கேபின் காற்றை இழுத்துத்தான் குளிர்கிறது. அந்தத் துவாரத்தைப் பையாலோ துண்டாலோ அடைக்காதீர்கள். கடற்கரை மணலும் தூசியும் அதன் வடிகட்டியில் சேரும். சர்வீஸில் கேட்டுச் சுத்தம் செய்யவையுங்கள்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதுபோன்ற மழையில் வண்டிக்குள் தண்ணீர் புகுந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடவேண்டாம். ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தக் கம்பிகள். அவற்றின் பக்கம் கையே போகக்கூடாது. மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருண்டால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாகும். ஆகவே கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காதீர்கள். நான்கு சக்கரத்தையும் மேலே ஏற்றிக்கொள்ளும் வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லி வரவழையுங்கள்.