லவுஞ்ச் இட்லிக்குக் காசு கொடுத்தவர்

"கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்து வரும் சார்." இந்த ஒரு வாக்கியத்துக்கு ஐ.டி. ஆட்களுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, ஹவுஸ் ஓனர் வாடகையை ஏற்றும்போதுகூட அவ்வளவு வராது. உடனே போட்டோ எடுப்பார்கள், கடைப் பெயரோடு ட்விட்டரில் போட்டு வங்கியை டேக் செய்வார்கள். கீழே நாலு பேர் வந்து "இது ரூல்ஸ்படி தப்பு ப்ரோ" என்பார்கள். தப்புதான். அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று கடைக்காரர் வங்கியோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். என் கேள்வி வேறு. அந்த இரண்டு சதவீதத்தை அவர் தன் கல்லாவில் போட்டுக்கொள்கிறார் என்று உங்களுக்கு யார் சொன்னது?

சில வருடங்கள் பேமென்ட் சாஃப்ட்வேர் எழுதியவன் நான். கடைகளுக்குத் தினமும் போய்ச் சேர வேண்டிய தொகையைக் கணக்குப் போடுவது என் வேலை. ஒரு பக்கம் விற்ற தொகை, இன்னொரு பக்கம் கைக்குப் போன தொகை. நடுவில் கழிந்ததற்குப் பெயர் எம்.டி.ஆர். கடைக்காரர் பாஷையில் 'மெஷின் கமிஷன்'.

ஒரு சின்ன மொபைல் கடையை எடுத்துக்கொள்வோம். 20,000 ரூபாய் போனில் அவருக்கு ஐந்து சதவீதம் நின்றால் 1,000 ரூபாய். நீங்கள் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறீர்கள். இரண்டு சதவீதம் என்று வைத்தால் 400 போச்சு. அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 72 ரூபாய். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடை என்றால் அந்த 72ஐத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. இதைக் கவனியுங்கள்: கமிஷன் லாபத்தின் மேல் இல்லை, விற்ற மொத்தத் தொகையின் மேல். அதனால்தான் நமக்கு 'வெறும் ரெண்டு பர்சென்ட்'டாகத் தெரிவது அவருக்கு ஏறக்குறைய பாதி லாபம். கடை வாடகையும் கரண்ட் பில்லும் பையன் சம்பளமும் மீதியிலிருந்துதான் போக வேண்டும்.

அந்த 400 எங்கே போகிறது? மெஷின் வைத்த வங்கிக்குக் கொஞ்சம், விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்குக்குக் கொஞ்சம். பெரும்பங்கு உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. இந்தப் பங்குக்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். கார்டின் அந்தஸ்து ஏற ஏற இதுவும் பெரும்பாலும் ஏறும். சாதாரணக் கார்டை வாங்குவேன், பிளாட்டினத்தை வாங்க மாட்டேன் என்று கடைக்காரர் சொல்ல முடியாது. ஒரு நெட்வொர்க்கை ஏற்றால் அதன் எல்லாக் கார்டுகளையும் ஏற்க வேண்டும் என்பது விதி. இன்டர்சேஞ்சாக வந்த பணத்தில் ஒரு பகுதிதான் ரிவார்டு பாயிண்டாகவும் கேஷ்பேக்காகவும் ஏர்போர்ட் லவுஞ்ச் இட்லியாகவும் உங்களிடம் வருகிறது. வங்கி தாராளப் பிரபுவாகிவிடுகிறது, கடைக்காரர் திருடன்.

காசு கொடுத்து வாங்குகிறவரும் இதில் மாட்டிக்கொள்கிறார். அமெரிக்காவின் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் 2010இல் கணக்குப் போட்டார்கள். கட்டணத்தை எல்லாருடைய விலையிலும் கடைகள் பரப்பிவிடுவதால், ரொக்கம் கொடுக்கும் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலர் இழக்கிறது. கார்டு வைத்திருக்கும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்றார்கள். நம்மூரில் எம்.ஆர்.பி. இருக்கிறதே, விலை ஏற்ற முடியாதே என்பீர்கள். சரி, அப்படியென்றால் கடைக்காரரே விழுங்க வேண்டும். இல்லாவிட்டால் எம்.ஆர்.பி.க்குக் கீழே அவர் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பத்து இருபது ரூபாய் நிற்கும். பேரம் பேசி ரொக்கம் எண்ணிக் கொடுக்கிற அக்காவுக்குத்தான் அந்த நஷ்டம். அவருக்குப் பாயிண்டும் கிடையாது, லவுஞ்சும் கிடையாது.

"அதான் யு.பி.ஐ. ஃப்ரீயா இருக்கே?" ஆமாம், 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்.டி.ஆர். பூஜ்யம். ஆனால் 2022இல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்க அனுமதித்தார்கள். சிறு கடைகளுக்கு 2,000 ரூபாய் வரை கட்டணமில்லை, தாண்டினால் உண்டு. வாசலில் அதே ஸ்டிக்கர், ஸ்பீக்கரில் அதே குரல். எதிரே நிற்பவரின் போனில் இருந்து வந்தது சேமிப்புக் கணக்கா கடனா என்று பார்த்துச் சொல்லும் ஞானதிருஷ்டி கடைக்காரருக்கு இல்லை.

வங்கிகளின் வாதமும் எனக்குத் தெரியும். ஐம்பது நாள் வரை வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறோம், மோசடி ரிஸ்க் இருக்கிறது, கார்டு வாங்கினால் வியாபாரம் கூடும். கடைசியது ஓரளவு உண்மை. கார்டு இல்லையென்றால் அந்த 20,000 ரூபாய் போன் விற்காமலேகூடப் போயிருக்கும். ரொக்கத்தை எண்ணிக் கொண்டுபோய்க் கட்டுவதற்கும் செலவு உண்டுதான். ஆனால் வட்டியில்லாக் கடன் யாருக்குக் கிடைத்தது? எனக்கு. அப்படியானால் அதற்கான விலையை என்னிடம் ஆண்டுக் கட்டணமாகக் கேட்க வேண்டியதுதானே! கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் கார்டை வெட்டிப் போட்டுவிடுவேன்; கடைக்காரரால் அப்படி மெஷினைத் தூக்கிப் போட முடியாது, பக்கத்துக் கடைக்குக் கூட்டம் போய்விடும். தவணை தவறினவரிடம் மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் என்று வட்டி வசூலிப்பதும் இதே வங்கிகள்தாம்.

உச்சவரம்பு வைக்கத் தெரியாத ஊரும் இல்லை இது. 2018 ஜனவரி முதல் டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு வைத்தது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், மற்றவர்களுக்கு 0.90. நம் மொபைல் கடை பெரிய கடை வரிசையில் வந்தாலும் அந்தப் போனுக்கு 180 ரூபாய்தான். கிரெடிட் கார்டுக்கு மட்டும் அப்படி ஒரு வரம்பு வைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கே 0.3 சதவீதம் என்று சட்டம் போட்டது. அங்கே இன்னும் கார்டு தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பூஜ்யமாக்கச் சொல்லவில்லை. யு.பி.ஐ.யில் பூஜ்யம் வைத்துவிட்டு, வங்கிகளுக்கு ஈடுகட்ட அரசு வருஷா வருஷம் மானியம் கொடுப்பதைப் பார்க்கிறோம். 2024–25க்கு மட்டும் 1,500 கோடி ஒதுக்கினார்கள். அதுவும் நம் வரிப்பணம். கிரெடிட் கார்டு இன்டர்சேஞ்சுக்கு ஒரு வரம்பு, சிறு கடைக்கு அதிலும் குறைவாக. கடைக்காரரின் ஸ்டேட்மென்டில் எந்த வங்கி எவ்வளவு எடுத்தது என்று தனித்தனி வரியாக, தமிழில். அந்தத் தகவல் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது; அச்சடிக்கும் கோடு எழுத ஒரு ஆளுக்கு ஒரு வாரம் ஆகுமா?