பாசியும் ஆசிட்டும்

கிணற்றடியிலோ கொல்லை நடையிலோ செங்கல் தளத்தில் பச்சை படர்ந்து கால் வழுக்கத் தொடங்கிவிட்டால், பிளீச்சிங் பவுடரையாவது ஆசிட்டையாவது கொட்டினாலொழிய அது வேரோடு போகாது என்ற அபிப்பிராயம் நம் ஜனங்களிடையே சாஸ்திர வாக்கியம்போல் நிலைபெற்றிருக்கிறது. பாசிக்கு வேர் என்பதே கிடையாது. ஈரமும் ஓரளவு வெளிச்சமும் கிடைத்த இடத்தில் கல்லின் மேலே மெல்லிய ஏடாக ஒட்டி வாழ்வதே அதன் ஸ்வபாவம்.

1799-இல் சார்லஸ் டெனன்ட் துணி வெளுப்பதற்கென்று காப்புரிமை பெற்ற அந்தத் தூள், இங்கும் வெளுக்கும் தொழிலைத்தான் செய்கிறது. பச்சை மறைகிறது, ஈரத்தின் காரணம் நிவர்த்தியாகாததால் ஐப்பசி மழையோடு பாசி திரும்பி வருகிறது. இதற்கிடையில் தூள் விட்டுச்சென்ற உப்பு, கழுவிய நீரோடு பாத்தியில் இறங்க, ஓரத்துச் செம்பருத்தியின் இலைகள் நுனியிலிருந்து விளிம்பு வழியே கருகுகின்றன. வீட்டார் பூச்சி விழுந்துவிட்டதென்று மருந்தடிக்கிறார்கள்!

ஆசிட் இன்னும் கொடியது. ஊற்றிய க்ஷணத்தில் நுரை பொங்குவதைக் கண்டு அழுக்கு வெந்துபோகிறதென்று சந்தோஷப்படுகிறவர்கள், பழைய சுண்ணாம்புச் சாந்து கரைந்து கரியமில வாயுவாகப் போவதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கொட்டுகிறவர்களோ, 1915-இல் ஈப்ர போர்முனையில் சிப்பாய்களைக் கொன்ற குளோரின் வாயுவைத் தம் வீட்டுக் கொல்லையிலேயே எழுப்புகிறார்கள்.

மழையற்ற நாட்களில் தளத்தை நன்றாகக் காயவிட்டு, காய்ந்து சருகான பாசியை ஈர்க்குமாற்றாலோ தேங்காய் நாராலோ அழுத்தித் தேய்த்துக் கூட்டி அள்ளிவிட்டு, இடுக்கில் எஞ்சியதன்மேல் செடியின் தூருக்கு எட்டாதபடி கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றித் தேய்த்தால் போதுமானது. கம்பி பிரஷ் மட்டும் கூடாது. சூளையில் வெந்து இறுகிய மேல்தோலை அது கீறிவிட, அந்தச் சொரசொரப்பில் ஈரம் முன்னிலும் அதிகமாகத் தங்கும்.

அதன் பிறகு கவனிக்க வேண்டியது தண்ணீரை. சொட்டும் குழாயையும் அடைத்த சாக்கடையையும் சரிசெய்து, வெயிலை மறைக்கும் கிளையைக் கழித்து, அப்படியும் நீர் தேங்கும் இடத்தில் நாலு வரிசைக் கல்லைப் பெயர்த்து, கொத்தனார் கொடுக்கத் தவறிய வாட்டத்தை மணல் பரப்பிக் கொடுத்து, அதே கற்களைத் திரும்பப் பதிக்க வேண்டும்.