குழிதான் இடம் மாறியிருக்கிறது

எங்கள் ஊருக்குப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்கை மூடிவிட்டு இணைப்பு கொடுக்கிறார்கள். "இனிமே ஒங்க ஆளுங்களுக்கு விடிவுகாலம்தான் தம்பி" என்றார் டீக்கடையில் ஓர் ஆசிரியர். நல்ல மனுஷன்தான். ஆனால் இதே பேச்சை எங்கள் குடும்பம் கேட்பது இது இரண்டாவது முறை.

என் பாட்டி எடுப்புக் கக்கூசில் மலம் அள்ளியவர். தகரக் கூடை, சாம்பல், விளக்குமாறு. வீட்டுக்குப் பின்னால் சந்து வழியாகத்தான் போகணும், தெருவழி கிடையாது. செப்டிக் டேங்க் வந்தபோது, "இனி அள்ளுற வேலையே இல்ல" என்றார்கள். 1993இல் எடுப்புக் கக்கூசைத் தடைசெய்து சட்டமும் வந்தது. ஆனால் டேங்க் ஒருநாள் நிரம்பத்தானே செய்யும்? நிரம்பினால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஊருக்கே தெரியும். எங்கள் சித்தப்பா அப்படிக் கூப்பிட்டுத்தான் போனார். லாரி உறிஞ்சியது போக அடியில் இறுகிக் கிடந்த சகதியை வாளியில் எடுக்க இறங்கினார். ஏறி வரவில்லை. அவரைத் தூக்க இறங்கியவரும் வரவில்லை.

குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போகும். "நாத்தம் போயிடுச்சு, எறங்கலாம்" என்று நினைக்கிற நேரம்தான் ஆளைக் கொல்லுகிற நேரம். இதை எங்கள் சித்தப்பாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூப்பிட்ட வீட்டுக்காரர் படித்தவர்தான்.

இப்போது பாதாளச் சாக்கடை. ஒவ்வொரு வீட்டிலும் பழைய டேங்க்கைக் காலி செய்து, மண்ணைக் கொட்டி மூட வேண்டும். குழாய்க்கும் ரோடு தோண்டவும் திட்டத்தில் பணம் இருக்கிறது. டேங்க்கைக் காலி செய்வது மட்டும் வீட்டுக்காரர் பாடாம். வீட்டுக்காரர் யாரைக் கூப்பிடுவார்? அதாவது விடிவுகாலத்தின் முதல் வேலையே எங்கள் தெருப் பையன்கள் குழிக்குள் இறங்குவதுதான்.

அதோடு முடிகிறதா? குழாயில் துணி, நாப்கின், கட்டட மண் எல்லாம் வந்து அடைக்கும். மேன்ஹோல் பொங்கும். அடைப்பு எடுக்கிற வண்டி ஒன்றோ இரண்டோதான், சந்துக்குள் நுழையாது. காண்ட்ராக்டருக்கு வண்டி வாடகையைவிட மனுஷன் கூலி மலிவு. என் பெரியம்மா மகன் அப்படி ஒரு காண்ட்ராக்டரிடம்தான் வேலை பார்க்கிறான். அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. செத்தால், "அவர் எங்க ஆளே இல்ல" என்று நகராட்சி சொல்லலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் ஆபத்தானது என்பதற்கு அது தரும் விளக்கத்தைப் படியுங்கள்: காப்புக் கருவிகள் கொடுக்காமல், பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் இறக்குவதுதான் ஆபத்தானதாம். கருவி கொடுத்தால் இறக்கலாம் என்று ஒரு வாசலை அதுவே திறந்து வைத்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் சாவுக்குத் தரும் தொகை ஏறிய வேகத்தில் சிறைக்குப் போன முதலாளிகளின் எண்ணிக்கை ஏறியதா?

தோழர்களே, பாதாளச் சாக்கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். முதலில் எங்கள் சேரிக்கு வேண்டும். ஊர்க்காரர் டேங்க் நிரம்பி வழிந்த தண்ணியெல்லாம் எங்கள் வாசல் கால்வாயில்தான் ஓடியது. இன்றைக்கு பட்டா இல்லை, டெபாசிட் கட்டவில்லை என்று இணைப்பு இல்லாமல் நிற்பதும் எங்கள் தெருதான். கழிவுநீரை இறைத்து அனுப்பும் நிலையத்துக்கு மட்டும் எங்கள் குடியிருப்பை ஒட்டியே இடம் கிடைத்துவிட்டது.

கக்கூஸ் மாறினால் சாதி மாறாது. மலம் இன்னாருடைய வேலை என்ற நினைப்பு இருக்கும்வரை, எந்தக் குழாயைப் போட்டாலும் அதன் வாயில் எங்களைத்தான் நிறுத்துவார்கள்.

அதனால் உங்கள் ஊரில் இந்தத் திட்டம் வந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். பழைய டேங்க்கைக் காலி செய்யும் பொறுப்பு யாருடையது? சந்துக்குள் நுழையும் சிறிய எந்திரம் எத்தனை வாங்கியிருக்கிறீர்கள்? அதை ஓட்டும் வேலை, இத்தனை காலம் குழிக்குள் இறங்கியவர்களுக்கு நிரந்தர வேலையாகக் கிடைக்குமா? சேரிக்கு இணைப்பு எந்தத் தேதியில்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தராவிட்டால் குழாய் இறக்கும் இடத்தில் போய் உட்காருவோம்.