பலகையின் இருபுறம்

உணவுச்சாலைக்குச் செல்வோர் அமர்தற்கு இன்று இருவகை இடங்கள் உள. ஒன்று நாம் யாவரும் அறிந்த மேசை. மற்றையது, சமையற்காரர் நின்று தொழில் புரியும் பலகையை ஒட்டி, அவர் முகத்தை நோக்கியவாறு இடப்பட்ட ஆசனம். இவற்றுள் எது சிறந்தது என்று அண்மையிற் பழைய மாணவர் சிலர் கூடியிருந்த வேளையில் வாதம் எழுந்தது. அற்பப் பொருள் என்று தள்ளிவிடக் கூடியதுதான். ஆயினும், உண்பவனுக்கும் உணவு ஆக்குபவனுக்கும் இடையிலுள்ள உறவு அதிலே அடங்கியிருத்தலின், என் கருத்தை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

பலகை ஆசனத்தின் தாயகம் யப்பான் எனலாம். தோக்கியோ நகர் எடோ என வழங்கிய 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, தெருவோரக் கடைகளிற் சூசி பிடிப்பவரின் முன் நின்றபடியே மக்கள் உண்டு சென்றனர். அந்நாட்டிலே சமையற்காரரைக் குறிக்கும் ‘இதாமாயே’ என்னுஞ் சொல்லுக்குப் ‘பலகைக்கு முன்’ என்பதே நேர்ப்பொருள். இம்முறைக்குத் தக்க காரணமும் உண்டு. வினாகிரி கலந்த சோறு உடற்சூட்டளவில் இருத்தல் வேண்டும். மேலே வைக்கும் மீன் அதனினுங் குளிர்ந்திருத்தல் வேண்டும். கடற்பாசித் தாள் சுற்றியதாயின், அது சோற்றின் ஈரத்தை உறிஞ்சித் துவளுமுன் உண்ணல் வேண்டும். பரிசாரகர் தட்டிலேந்தி மேசைக்குக் கொணரும் சில நிமிடங்களிலே இப்பதம் குன்றிவிடும். ஆகவே, சூசியைப் பொறுத்தவரை வாதத்துக்கு இடமேயில்லை.

மேல்நாட்டார் இதனைப் பரவலாகக் கைக்கொண்டது பிந்தியே. பிரான்சியச் சமையற்கலைஞர் ஜோயல் றொபுஷோன் 2003இல் பாரிசிலும் தோக்கியோவிலும், அடுக்களையைச் சூழ்ந்த பலகை ஆசனங்களையே முதன்மையாகக் கொண்ட சாலைகளைத் திறந்தார்.

நான் பலகைப் பக்கஞ் சாய்வது சுவை கருதி மட்டுமன்று. ஜோர்ஜ் ஓர்வெல், பாரிசிலுள்ள பெரிய ஓட்டல் ஒன்றின் நிலவறையிலே தாம் பாத்திரங் கழுவி உழைத்த நாட்களை 1933இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்துள்ளார். ஒரு கதவுக்கு இப்பால் வெண்டுகில் விரித்த மேசைகள். அப்பால் வெக்கையும் அழுக்கும் வசைமொழியும். அக்கதவு மூடியிருந்தமையாலன்றோ அவ்விழிநிலை நீடித்தது? பலகை ஆசனம் அக்கதவையே அகற்றிவிடுகின்றது. பிறர் பார்வையிலுள்ள கை கழுவிய கையாக இருக்கும். பிறர் காதுக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தலைமைச் சமையற்காரர் உதவியாளனை ஏசுதற்கு நாணுவார். உண்பவனும் மாறுகிறான். விடுதியில் வாழ்ந்தோர்க்கு இது விளங்கும்: குசினிக்குள் ஒருநாள் எட்டிப் பார்த்தவன், வெக்கையிலே நின்று சொதி காய்ச்சுபவரைக் கண்ட பின்னர், உப்புக் குறைவென்று முறையிடச் சற்றே தயங்குவான்.

பலகைக்குங் குறைகள் உள. நால்வர் சென்றால் ஒரே நிரையில் அமர்தல் வேண்டும். முதலாமவர் சொல்வது நான்காமவர்க்குக் கேளாது. நண்பர் முகத்தைப் பாராது சமையற்காரர் கையையே பார்த்திருத்தல் ஒருவகை நாடகம் பார்த்தலாகும். ‘ஓமகாசே’ என்று தெரிவு முழுவதையும் அவரிடமே ஒப்படைக்கும் வழக்கமோ, எம்மவருள் மரக்கறி மட்டுமே உண்பார்க்குப் பெருஞ் சங்கடம். இவற்றினும் பெரிய குறை, ஆசனங்கள் மிகச் சில என்பது. தோக்கியோவின் கின்சாப் பகுதியில் நிலவறையொன்றிலுள்ள ‘சுக்கியாபாசி ஜிரோ’ என்னுஞ் சூசிச்சாலையில் ஏறக்குறையப் பத்து ஆசனங்களே உள. அமெரிக்க அதிபராயிருந்த ஒபாமா 2014இல் அங்கு உண்டார். மூன்று நட்சத்திரம் பெற்றிருந்த அச்சாலையை மிச்செலின் வழிகாட்டி நூலார் 2019இல் தம் பட்டியலினின்று நீக்கினர். சுவை குன்றியமையால் அன்று. பொதுமக்கள் அங்கே இடம் பதிவு செய்தல் இயலாதாயிற்று என்பதனால். தெருவோரத்தில் நின்றுண்டவனுக்காகப் பிறந்த முறை எங்கே வந்து சேர்ந்தது பாருங்கள்!

ஆகவே என் தீர்ப்பு இது: தனித்துச் செல்பவரும் இருவராய்ச் செல்பவரும் பலகைக்குச் செல்க. நால்வரும், குழந்தைகளோடு வருவோரும், நெடுநாட் கழித்துச் சந்திக்கும் வகுப்புத் தோழரும் மேசையையே நாடுக.

ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகின்றது. பலகை நம் முன் கொணர்ந்தது தலைமைச் சமையற்காரரையே. ஓர்வெல் நின்ற இடத்தில் நிற்பவர், பாத்திரங் கழுவுபவர், இன்றும் சுவருக்கு அப்பாலேதான் நிற்கிறார். உண்ட தட்டு உள்ளே செல்லும்பொழுது திரை சற்றே விலகும், ஆவி தெரியும், ஆள் தெரிவதில்லை.