ஆட்டின் வயிறும் பாலித்தீன் பையும்



குன்றத்தூர், ஒரகடம் பக்கம் சாலையோரம் மேயும் செந்நிறச் செம்மறி ஆடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, 'சென்னை சிவப்பு' என்னும் நம் மண்ணின் இனம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களே அதன் தாயகம். உடலில் கம்பளி கிடையாது, குட்டை முடிதான். நம் வெயிலுக்கு ஏற்ற உடம்பு!

ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. புல்லை அவசரமாக விழுங்கி, பிறகு நிதானமாக அசைபோடும். நான்கு அறைகள் கொண்ட அதன் வயிறு, புல்லைச் செரித்துவிடும். பாலித்தீன் பையைச் செரிக்காது. பை உள்ளேயே தங்கி, வயிற்றை அடைத்து, உயிரையே பறித்துவிடும்.

தொழிற்சாலைகள் பெருகின, மேய்ச்சல் நிலம் சுருங்கியது. பசித்த ஆடு குப்பையிலும் வாய் வைக்கிறது. எனவே, மீந்த சோற்றைப் பையில் கட்டி வீதியில் எறியாதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். வாயில்லா ஜீவனுக்காக நீங்கள் பேசுவீர்கள்தானே?